சத்தத்தை இசைத்தட்டுக்குள் அடக்கிய கதை: பட்டர்ஃபீல்டு குழுவின் முதல் ஆல்பம்

எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனம் 1965 அக்டோபரில் வெளியிட்ட பால் பட்டர்ஃபீல்டு புளூஸ் குழுவின் முதல் ஆல்பம், உண்மையில் மூன்றாவது முயற்சியில் கைகூடியது. முதல் பதிவு ஏறத்தாழ 10,000 தட்டுகளாக அச்சான பிறகு, அதில் நிறைவு காணாத தயாரிப்பாளர் பால் ராத்சைல்டு அதை வெளியிடாமல் தடுத்துவிட்டார். அடுத்து நியூயார்க்கின் கஃபே ஆ கோ கோ அரங்கில் கச்சேரியாகப் பதிந்ததும் தேறவில்லை. டிரம்ஸ் வாசித்த சாம் லேயும் பாஸ் கிட்டார் வாசித்த ஜெரோம் ஆர்னால்டும் சிகாகோ புளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபின் குழுவில் வாசித்துப் பழகியவர்கள். மைக் புளூம்ஃபீல்டின் கிட்டாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே குறை வாசிப்பில் இருந்திருக்காது, ஒலியியலில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எலெக்ட்ராவுக்குக் கைவந்தது நாட்டுப்புற இசைப் பதிவு, அதாவது பெரும்பாலும் ஒரு குரலும் ஒரு கிட்டாரும். மின்சாரக் கருவிகளோடு உரக்க வாசிக்கும் புளூஸ் இசையில் நிலைமை வேறு. சிகாகோவில் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டர் செய்ததைப் போலவே பட்டர்ஃபீல்டும் மவுத் ஆர்கனையும் மைக்கையும் இரு கைகளுக்குள் சேர்த்துப் பொத்தி, வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் வழியே வாசித்தவர். பொத்திய கை கீச்சொலியை மங்கச் செய்கிறது. மைக்கிலிருந்து வரும் வலுவான மின் அலை, வால்வின் தாங்கும் எல்லையைத் தொட்டதும் முகடு மழுங்கித் தட்டையாகிறது. அவ்வாறு வடிவம் மாறிய அலையில் 200 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 400, 600, 800 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களும் வலுவாகச் சேர்வதால், சட்டைப்பையில் அடங்கும் அந்தக் கருவி சாக்ஸஃபோன் போலத் தடித்து ஒலிக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் முகடு மழுங்காது; அந்தத் தொனியும் கிடைக்காது. எனவே, மைக்குக்கு வசதியாகச் சற்றுச் சத்தம் குறைத்து வாசியுங்கள் என்று இக்குழுவிடம் கேட்பதில் பொருளில்லை.

ஐந்தாறு பேர் ஓர் அறையில் உரக்க வாசிக்கும்போது, ஒருவருக்கென வைத்த மைக்கில் மற்றவர் ஒலியும் கசிகிறது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. டிரம்ஸின் ஒலி ஒரு மைக்கை எட்டி, ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து இன்னொன்றையும் எட்டினால், இரண்டையும் கலக்கும்போது 170, 510, 860 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள அலைகள் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். கேட்பவருக்கு அது குழாய்க்குள்ளிருந்து வரும் உள்ளீடற்ற ஓசையாகத் தோன்றும். தடுப்புப் பலகைகள் கீச்சொலியைத் தடுக்கும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 3.4 மீட்டர் என்பதால் பாஸ் ஒலி பலகையைச் சுற்றி வளைந்து வந்துவிடும். கருவியை ஒட்டி மைக்கை வைப்பது இதற்கு நல்ல வழி: தூரம் பாதியானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் உயர, கசிவு அதே அளவில் நிற்கும். ஆளுக்கோர் அறையில் பூட்டி வைத்தால் கசிவே இராதுதான். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பவர்களிடம் அதைச் சொல்ல எந்தத் தயாரிப்பாளரும் தயங்குவார்.

மூன்றாவது பதிவு 1965 செப்டம்பரில் நடந்தது. ஆர்கன் வாசித்த மார்க் நாஃப்டலின் சேர்ந்ததும் அப்போதுதான். வெளியான தட்டின் பின்னட்டையில், இயன்றவரை உரத்த ஒலியில் இதைக் கேளுங்கள் என்ற வேண்டுகோள் இருந்தது. விளம்பரத் துடுக்கு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. ஒலி குறையக் குறைய மனிதச் செவி தாழ்ந்த அதிர்வெண்களையே முதலில் இழக்கிறது என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருந்தார்கள். மவுத் ஆர்கனின் மேற்சுரங்கள் தட்டிலேயே பதிந்துவிட்டதால், ஒலியைக் குறைத்தாலும் அதன் முரட்டுத் தொனி ஓரளவு மிஞ்சும். ஆர்னால்டின் பாஸுக்கும் லேயின் பெரிய டிரம்முக்கும் அந்த வசதி இல்லை.