எதிர்வீட்டு ஆயா கேட்ட ஊசி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு ஆயாவுக்கு என் வேலையைப் பற்றி ஒரு வரிதான் தெரியும்: "மலேரியாவுக்கு ஊசி கண்டுபிடிக்கிற பொண்ணு." பத்து நாள் முன்பு அவருடைய எட்டு வயதுப் பேரனுக்குக் குளிர் ஜுரம். கார்ப்பரேஷன் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, வைவாக்ஸ் மலேரியா என்று சொல்லிவிட்டார்கள். ஆயா நேராக என்னிடம்தான் வந்தார். "உங்க ஆபீஸ்லேருந்து அந்த ஊசி ஒண்ணு எடுத்தாந்து புள்ளைக்குப் போடக் கூடாதாம்மா?"

முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆயாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மலேரியா தடுப்பூசிகள் இரண்டு. 2021-ல் ஆர்டிஎஸ்,எஸ், 2023-ல் ஆர்21. இரண்டாவதை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் உருவாக்கியது, தயாரிப்பது புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட். நம் நாட்டிலேயே தயாராகும் ஊசி நம் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்று உடனே கேட்பீர்கள். இரண்டுமே பால்சிபாரம் என்ற கிருமிக்காகச் செய்யப்பட்டவை. ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் உயிரை எடுப்பது அதுதான். சென்னையில் நெடுங்காலமாக அதிகம் காணப்படுவது வைவாக்ஸ் என்ற வேறொரு மலேரியா கிருமி. அதன் மேலுறைப் புரதம் வேறு மாதிரி இருக்கும். அது மட்டுமல்ல, இது வருமுன் காக்கும் ஊசி. வந்த ஜுரத்தை இறக்காது.

இந்த ஊசிகளின் சோதனைகள் நடப்பது ஆப்பிரிக்க நாடுகளில். எங்கள் ஆய்வக மேசைக்கு வருவது அங்கே ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், ஒரு சொட்டு இரண்டு சொட்டு. 96 குழித் தட்டில் கிருமியின் புரதத்தைப் பூசி, மேலே சீரத்தை விட்டு, கடைசியில் மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்போம். நிறம் அடர்ந்தால் எதிர்ப்புரதம், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் புரதம், அதிகம். குப்பியில் பெயர் இருக்காது, எண் மட்டும். யாருக்கு மலேரியா ஊசி, யாருக்கு ஒப்பீட்டுக்கான வெறிநாய்க்கடி ஊசி என்பதும் எங்களுக்குத் தெரியாது. முதல் மூன்று ஊசிக்குப் பிறகு பளிச்சென்று ஏறும் நிறம் மாதங்கள் போகப் போக மங்கும். அதனால்தான் ஓராண்டு கழித்து நான்காவது ஊசி. கொசு கடித்து ஒரு மணி நேரத்துக்குள் கிருமி கல்லீரலுக்குள் போய்விடும். அதற்குள் பிடிக்க வேண்டுமென்றால் ரத்தத்தில் எதிர்ப்புரதம் ஏராளமாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு தாய் தன் குழந்தையின் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது. ஒரு குழியைக்கூட வீணாக்க எனக்குக் கை வராது.

சரி, நம் வைவாக்ஸுக்கு வருவோம். அதன் தந்திரம் கல்லீரலில் இருக்கிறது. சில கிருமிகள் அங்கே தூங்கிவிடும். முதலில் தரும் குளோரோகுயின் மாத்திரை ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். மூன்று நாளில் ஜுரம் விட்டுவிடும், ஆள் எழுந்து நடமாடுவார். தூங்குகிறதைக் கொல்வது பிரைமாகுயின், 14 நாள் மாத்திரை. என் சித்தி தண்டையார்பேட்டையில் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். "உடம்பு நல்லாயிடுச்சே, அப்புறம் எதுக்கு?" மூன்று மாதம் கழித்து அதே நடுக்கம். அப்போது போன ஒரு கிளினிக்கில் ரத்தமே பார்க்காமல் வைரல் ஜுரம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இன்னும் ஒரு வாரம் வீணாகப் போனது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமைதான். குளிரோடு ஜுரம் வந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கார்ப்பரேஷன் நிலையங்களில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

பிரைமாகுயினைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்துவிடும். சிறுநீர் கருத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபென்சி என்ற கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நல்ல தண்ணீர்தான் வேண்டும். மொட்டைமாடி டேங்க், கிணறு, லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம். வடசென்னை வீடுகளில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். ஆசியாவைச் சேர்ந்த இதே கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் பிடிபட்டது. அங்கும் நகரத்துத் தொட்டிகளில்தான் பெருகுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

அன்று ஆயா வீட்டு மாடிக்கும் ஏறிப் பார்த்தேன். டேங்க் மூடி விரிசல் விட்டு, ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. தண்ணீரின் மேல்மட்டத்தில் படுத்தாற்போல் புழுக்கள். அன்று சாயங்காலமே புது மூடி வாங்கி வந்தார்கள்.

பையன் மாத்திரை விழுங்கின பிறகுதான் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கலாம் என்று ஆயா ஒரு சட்டம் போட்டிருக்கிறார். கிழிக்கும் ஆசையில் அவனே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுகிறான். இன்று ஒன்பதாவது தாள்.