மோட்டாரை அணைக்கும் விரல்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முகம், கையெல்லாம் பட்டாணி பட்டாணியாகக் கட்டிகள். பயந்துபோய் வேறு சீட்டுக்கு மாறிவிட்டேன். அது ஒட்டுமா சார்?"

ஒட்டாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் வகை 1 ஆக இருக்கலாம். சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு வருவது. 17ஆம் குரோமோசோமில் இருக்கும் என்எஃப்1 மரபணுவில் பழுது, அவ்வளவுதான். மரபணுவை அடையாளம் கண்டது 1990இல்.

செல்லுக்குள் 'வளர், பெருகு' என்று ஆணையிடும் ராஸ் என்ற புரதம் இருக்கிறது. மூன்று பாஸ்பேட் உள்ள ஒரு மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை அது ஓடும். மூன்றாவது பாஸ்பேட் வெட்டுப்பட்டால் நிற்கும். மாடித் தொட்டி மோட்டார் மாதிரி. தானாக நிற்கும், ஆனால் அரை மணி நேரம் போல ஆகும். அதற்குள் தொட்டி வழிந்து தெருவுக்கே வந்துவிடும். இங்கேதான் என்எஃப்1 தயாரிக்கும் நியூரோஃபைப்ரமின் என்ற புரதம் வருகிறது. அதிலுள்ள ஓர் அர்ஜினின் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) ராஸின் குழிக்குள் நுழைகிறது. அர்ஜினினுக்கு நேர்மின்சுமை, வெட்டுப்படும் பாஸ்பேட்டிடம் சேரும் எதிர்மின்சுமையை அது தணிக்க, அருகிலிருக்கும் நீர் மூலக்கூறு சட்டென்று வெட்டிவிடுகிறது. வேகம் ஏறத்தாழ லட்சம் மடங்கு! விஞ்ஞானிகளே இதை 'அர்ஜினின் விரல்' என்றுதான் சொல்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். பிறவியிலேயே ஒன்று பழுது. நரம்புக்கு உறை போடும் ஷ்வான் செல் ஒன்றில் மற்றதும் தற்செயலாகக் கெட்டால், மோட்டாரை அணைக்க ஆளில்லாமல் அங்கே கட்டி. அதனால்தான் ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு நிறைய, இன்னொருவருக்குக் கொஞ்சம்.

பாதிப் பேருக்குப் பெற்றோரிடம் இந்தப் பழுதே இருப்பதில்லை. புதிதாக விழுந்த எழுத்துப்பிழை. உடனே கிரகணம் வந்துவிடும்: "மாசமா இருந்தப்ப வெளிய போனியா?" என்று தாயைக் குடைவார்கள். அப்படிப் புதிதாக விழும் எழுத்துப்பிழைகளில் பெரும்பாலானவை அப்பா வழியில் வருபவை. அவரை யாரும் கேட்பதில்லை.

குழந்தையின் தோலில் பால் கலந்த டீ நிறத்தில், 5 மில்லிமீட்டருக்கு மேல், ஆறு மச்சங்களாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர்கள் இதை 'கஃபே ஓ லே' என்பார்கள். பிரெஞ்சில் பால் காபி. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை செய்ய முடியாத நரம்புக் கட்டியுள்ள குழந்தைகளுக்கு 2020இல் அமெரிக்காவில் செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மோட்டாரை அது தொடுவதில்லை. ராஸின் ஆணை போகும் குழாயில் சற்றுத் தள்ளியிருக்கும் வால்வை மூடுகிறது. பலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் மறுபடி வளரவும் செய்யலாம்; மோட்டார் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.