கிளைமாக்ஸைக் கடைசி ரீலில் தேடாதீர்கள்

முதல் தொகுப்பு முடிந்து, வெளியீட்டுத் தேதியும் ஏறக்குறைய உறுதியான பிறகு, "மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது, கிளைமாக்ஸ் மட்டும் உட்காரவில்லை, ஏதாவது செய்து கொடுங்கள்" என்று படத்தொகுப்பு அறைக்கு வரும் இயக்குநர்கள் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாகிக்கொண்டே இருக்கிறார்கள். அண்மையில் வந்த ஒருவர் ஒரு படி மேலே போய், எடுத்து வைத்திருந்த முடிவைத் தூக்கிவிட்டு, நாயகனின் நண்பன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற திருப்பத்தைப் புதிதாகப் படமாக்கிக் கொண்டுவந்திருந்தார். படம் முழுவதும் நாயகனுக்குத் தேநீர் வாங்கி வந்ததைத் தவிர அந்த நண்பன் வேறெதுவும் செய்திருக்கவில்லை. அவன் துரோகி என்று தெரிந்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. அவன் பெயர் என்ன என்ற யோசனைதான் வந்தது. பழைய காட்சிகளிலிருந்து அவனுடைய 'சந்தேகப் பார்வை' ஒன்றை எடுத்து பிளாஷ்பேக்கில் சேர்க்கச் சொன்னார்கள். தேடிப் பார்த்ததில் கிடைத்தது, 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்பு அந்த நடிகர் சும்மா பக்கவாட்டில் திரும்பிப் பார்த்த ஒரு கணம். அதைத்தான் கறுப்பு வெள்ளையாக்கிச் சேர்த்தோம்.

நல்ல முடிவு என்றால் யாரும் எதிர்பாராத முடிவு என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. திருப்பம் என்பது ஒரு தகவல். அதுவரை மறைத்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். காலைக் காட்சி பார்த்தவர் ஒருவர் கைப்பேசியில் சொல்லிவிட்டால், மாலைக் காட்சிக்கு அது செத்துப்போகும். முடிவை முன்பே அறிந்தவரையும் கடைசிவரை உட்கார வைப்பதுதான் முடிவின் தரம். 'மூன்றாம் பிறை' 1982-இல் வந்த படம். நினைவு திரும்பிய விஜிக்கு, நினைவிழந்திருந்த காலத்தில் தன்னைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட சீனுவை அடையாளம் தெரியாது என்பது இன்று அதைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ரயில் நிலையக் காட்சியின்போது யாரும் எழுந்து போவதில்லை. அங்கே சீனு புதிதாக எதுவும் செய்வதில்லை என்பதைக் கவனியுங்கள். முன்பு அவளைச் சிரிக்க வைத்த அதே குரங்காட்டத்தைத்தான் ஆடிக் காட்டுகிறான். முன்பு சிரித்தவள் இப்போது அவனைப் பிச்சைக்காரன் என்று எண்ணுகிறாள். அந்தக் குரங்காட்டத்தை முன்பே நாம் பார்த்திருக்காவிட்டால், ஒருவர் சேற்றோடு நின்று கூத்தடிப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். பின்னணி இசையை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இருந்திருக்காது. (ரீ-ரெக்கார்டிங்கில் வயலின் வைத்துத் தூக்கிவிடலாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.)

நாயகன் செத்தால் படம் காவியமாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. 1987-இல் வந்த 'நாயகன்' படத்தை இதற்குச் சாட்சியாக இழுப்பவர்கள், வேலு நாயக்கரைச் சுட்டது யார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இளம் வயதில் வேலு அடித்துக் கொன்ற காவல் அதிகாரி கேல்கரின் மகன், மனவளர்ச்சி குன்றியவன், வேலுவின் ஆதரவிலேயே வளர்ந்தவன், சாட்சி இல்லாமல் விடுதலையாகி வெளியே வருபவரைச் சுடுகிறான். நீதிமன்றத்தால் தர முடியாத தீர்ப்பு, அவர் இரக்கப்பட்டு வளர்த்த கையிலிருந்தே வருகிறது. அந்த இடத்தில் போட்டிக் கடத்தல்காரன் ஒருவன் சுட்டிருந்தால் அதே ரத்தம்தான் சிந்தியிருக்கும், ஆனால் படம் செய்தித்தாள் செய்தியாகச் சுருங்கியிருக்கும். மகிழ்ச்சியான முடிவா, சோகமான முடிவா என்ற விவாதத்துக்கு நான் வருவதே இல்லை.

கடைசியில் எல்லோரும் திருந்திவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். மணமகனான இன்ஜினீயரோடு போய்க்கொண்டிருந்த தங்கை வள்ளி, எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணன் காளியிடம் ஓடி வருகிறாள். அவன் உருகிப்போகிறான், திருமணத்துக்குச் சம்மதமும் சொல்கிறான். ஆனால் அந்த இன்ஜினீயரை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறான். முரடனின் திமிர் அப்படியே இருக்க, பாசம் அதைத் தாண்டிப் போகிறது. இதே கதை இன்று தொகுப்பு மேசைக்கு வந்தால், காளி கைகூப்பி மன்னிப்புக் கேட்கும் வசனம் ஒன்றை டப்பிங்கில் சேர்க்கச் சொல்லி யாராவது நிச்சயம் நிற்பார்கள்.

குழம்பில் போட மறந்த உப்பை இலையோரம் வைத்துப் பரிமாறுவது போன்றதுதான் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் திருத்துவது. கிளைமாக்ஸ் உட்காரவில்லை என்று சொல்லிக்கொண்டு வரும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு இடைவேளைக்கு முன்பே இருக்கிறது. நாயகனுக்கு என்ன வேண்டும், அதற்காக அவன் எதை இழக்கத் துணிவான் என்பது அங்கே தெளிவாகியிருக்காது. அங்கே கை வைக்கலாம் என்றால், அந்தக் காட்சிகளுக்குத்தான் நிறையச் செலவானது என்று பதில் வரும்.

எனவே, முடிவை எழுதாமல் படப்பிடிப்புக்குக் கிளம்பாதீர்கள். 'போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே வேண்டாம். பணமும் பொறுமையும் தீர்ந்துபோகும் கடைசிக் கட்டத்துக்குக் கிளைமாக்ஸ் படப்பிடிப்பைத் தள்ளாதீர்கள்; அந்தக் களைப்பு திரையில் தெரியும், அதை என்னால் வெட்டி எடுக்க முடியாது. உச்சம் முடிந்த பிறகு கருத்துச் சொல்லும் குரலை ஓடவிடாதீர்கள். அதற்குள் திரையரங்க ஊழியர் கதவைத் திறந்துவிட்டிருப்பார்.

ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். கதை தெரியாத ஒருவருக்கு, உங்கள் உதவி இயக்குநர்களில் ஒருவருக்கு அல்ல, படம் முடிய இருபது நிமிடம் இருக்கும்வரை போட்டுக் காட்டி நிறுத்துங்கள். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி, அவருக்கு என்ன ஆகுமோ என்று பதறினால், முடிவை நம்பி எடுக்கலாம். யோசித்துவிட்டு, "வில்லன் யார் என்று தெரியணும்" என்று மட்டும் சொன்னால் முற்பாதிக்குத் திரும்புங்கள். இதை நடிகர்களின் கால்ஷீட் கைவசம் இருக்கும்போதே செய்துவிட்டால், அங்கே தேவைப்படும் இரண்டு காட்சிகளை எடுத்துச் சேர்க்கவாவது வழி இருக்கும்.