ஈக்வலைசேஷன்: சமன்செய் மின்னேற்றம்

சூரிய மின்னமைப்புகளில் பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் ‘ஈக்வலைஸ்’ என்றொரு தெரிவு இருக்கும். நீர் ஊற்றிப் பராமரிக்கும் ஈய-அமில பேட்டரி முழுதாக நிறைந்த பிறகும், உயர்ந்த மின்னழுத்தத்தில், குறைந்த மின்னோட்டத்தில், வேண்டுமென்றே மேலும் ஏற்றுவதுதான் ஈக்வலைசேஷன். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 2.7 வோல்ட் வரை கொடுப்பார்கள். ஆறு செல்கள் கொண்ட 12 வோல்ட் பேட்டரிக்கு இது 15 முதல் 16.2 வோல்ட் வரை வரும்.

எதை எதனோடு சமன் செய்கிறோம்? 48 வோல்ட் பேட்டரி வரிசை என்பது தொடரிணைப்பில் நிற்கும் 24 செல்கள். எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது. ஆனால் ஒவ்வொரு செல்லின் வெப்பமும் மின்னேற்றம் தானாகக் கசியும் அளவும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். கன்ட்ரோலருக்கோ மொத்த மின்னழுத்தம் மட்டுமே தெரியும். மொத்தம் 57.6 வோல்ட் என்றால் சராசரி 2.4; அதற்குள் ஒரு செல் 2.2 வோல்ட்டிலேயே பின்தங்கி நிற்கலாம். மின்தொகுப்போடு இணையாத அமைப்பில் இந்தச் சிக்கல் கூடுதல். ஏற்றம் முடியும் முன்பே வெயில் இறங்கிவிடுகிறது. பேட்டரி பல நாள் முழுதாக நிறைவதே இல்லை. பின்தங்கிய செல்லின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்படுகின்றன. அடர்ந்த அமிலம் அடியில் தங்க, மேலே நீர்த்த அமிலம் நிற்கிறது. மேலேற்றம் கொடுக்கும்போது, நிறைந்த செல்களில் வாயுக் குமிழிகள் கிளம்பி அமிலத்தைக் கலக்கிவிடும். பின்தங்கிய செல்லோ மீதி ஏற்றத்தை வாங்கிக்கொள்ளும். படிகங்கள் நெடுநாள் இறுகிக் கிடந்தால் மட்டும் இதற்கும் மசியாது. அதனால்தான் இதைக் காலத்தில் செய்ய வேண்டும்.

‘ஈக்வலைசேஷன்’ என்ற சொல்லின் வேர் இலத்தீனின் ‘ஏக்வுஸ்’. மட்டமானது, சமமானது, நடுநிலையானது என்ற மூன்று பொருளும் அதற்கு உண்டு. தமிழில் இதே பொருட்பரப்பைத் தாங்கும் சொல் ‘சமன்’. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் (குறள் 118) துலாக்கோலைச் சொல்லும்போது ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்றே வருகிறது. ஆகவே ‘சமன்செய் மின்னேற்றம்’ என்ற வினைத்தொகை எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. பேச்சிலும் பட்டியலிலும் ‘சமனேற்றம்’ என்று சுருக்கலாம்.

‘சமநிலைப்படுத்தல்’ என்று எழுதலாமே என்பார்கள். அதை லித்தியம் பேட்டரியின் ‘பேலன்சிங்’குக்கு விட்டுவைப்பது நல்லது. அங்கே ஒரு மின்சுற்று ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணித்து வேறுபாட்டைச் சரிசெய்கிறது. மேலேற்றம் என்ற பேச்சே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, லித்தியம் பேட்டரிக்கு யாராவது சமனேற்றம் கொடுத்துவிட்டால் பேட்டரி பாழாகும், தீயும் பிடிக்கலாம். அதேபோல் ‘மின்னூட்டம்’ துகளின் பண்பைக் குறிக்கும் பாடநூல் சொல்; ஏற்றும் செயலுக்கு ‘மின்னேற்றம்’தான் தெளிவு.

சமனேற்றம் எப்போது தேவை என்பதை ஹைட்ரோமீட்டர் சொல்லும். வழக்கமான ஏற்றம் முடிந்தபின் இந்தக் கருவியால் செல்களின் ஒப்படர்த்தியை, அதாவது நீரோடு ஒப்பிட்ட அமிலத்தின் அடர்த்தியை, அளந்து பாருங்கள். உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் இடையே 0.030 அளவு வேறுபாடு இருந்தால், அதாவது ஒன்று 1.265, இன்னொன்று 1.235 என்று காட்டினால், நேரம் வந்துவிட்டது. தொடங்கும் முன் தகடுகள் மூழ்கியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் விட்டு, மீதியை ஏற்றம் முடிந்த பிறகு நிரப்ப வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடியது என்பதால் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும், தீப்பொறி கூடாது. உயர் மின்னழுத்தம் தாங்காத நேர்மின்னோட்டக் கருவிகளையும் கழற்றிவிட வேண்டும். மணிக்கொரு முறை அளந்து, ஒப்படர்த்தி மேலே ஏறாமல் நின்றதும் நிறுத்திவிடலாம். பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால் உடனே நிறுத்த வேண்டும்.

அமிலத்தைக் கூழாக்கி மூடிய ஜெல் பேட்டரிக்குச் சமனேற்றம் கொடுக்கவே கூடாது. அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சவைத்து மூடிய ஏஜிஎம் வகையில், தயாரித்தவரின் குறிப்பேடு வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே, அதில் உள்ள அளவுக்குள் செய்யலாம். மூடிய கலத்திலிருந்து வாயுவாய்ப் போன நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை.