கார்ட்: கத்தி அணியும் காப்பு

செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் ஐயா ஒருவரிடம், பித்தளையை எப்படி மினுக்குவது என்று கேட்கப் போயிருந்தேன். கையில் நானே செய்த கத்தி. மடிக்க முடியாத நிலையான அலகு, எருமைக் கொம்புப் பிடி. அலகும் பிடியும் சேரும் இடத்தில் குறுக்காக நின்ற பித்தளைத் துண்டை அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கத்திக்கும் காப்புப் போட்டாச்சோ தம்பி?" என்று கேட்டார்.

அதுவரைக்கும் அந்தத் துண்டை நான் கார்ட் என்றுதான் சொல்லிவந்தேன். பழைய சோனகத் தெருவில் பித்தளைத் தகடு தேடிப் போனாலும் "கார்ட் வெட்டுறதுக்கு" என்றுதான் கேட்பேன். கடைக்காரருக்கு அது விளங்காது. கொழும்பில் கார்ட் என்றால் ரயிலில் பச்சைக்கொடி காட்டுபவர், இல்லாவிட்டால் வங்கி வாசலில் நிற்பவர். ஐயா சொன்ன சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கார்ட் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் அடி பழைய ஜெர்மானியக் கிளைமொழி ஒன்றில் இருக்கிறது. பார்த்திருத்தல், கவனித்துக் காத்தல் என்பது பொருள். நாம் ஆஸ்பத்திரியில் சொல்லும் வாட்டு, விடுதியில் சொல்லும் வார்டன் இரண்டும் அதே அடியில் பிறந்தவை. கத்தியில் அதன் வேலை ஒன்றுதான். குத்தும்போதோ, ஈரக் கையோடு அழுத்தும்போதோ விரல் வழுக்கி அலகின் வாய்ப்பக்கம் போகாமல் மறிக்க வேண்டும். வாய்ப்பக்கம் மட்டும் நீண்டிருந்தால் ஒற்றைக் காப்பு, முதுகுப்பக்கமும் நீண்டிருந்தால் இரட்டைக் காப்பு. இப்படிச் சொன்னாலே உருவம் கண்ணில் வந்துவிடுகிறது.

காப்பு என்ற சொல்லின் அடி ‘கா’. காத்தல், காவல் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் பாடுகிறோம், கோயில் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டுகிறோம், பிள்ளைக்குத் தங்கக் காப்புப் போடுகிறோம். காவலுக்காக மணிக்கட்டில் கட்டியதன் பெயர் அங்கே அணியும் நகைக்கும் ஆகிவிட்டது. கத்தியிலும் அது இருப்பது அதே இடத்தில்தான்: அலகு முடிந்து பிடி தொடங்கும் அந்த ஒடுங்கிய மணிக்கட்டில். காவலும் அணியும் ஒரே பொருளில் சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் காவல் மட்டும்தான் உண்டு.

‘தடுப்பு’ என்று மொழிபெயர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒட்டவில்லை. வீதித் தடுப்பு, தடுப்புக் காவல் என்று அந்தச் சொல் இந்த ஊரில் சுமக்கும் பாரம் வேறு. ‘கைக்காவல்’ பிழையில்லை, ஆனால் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, காப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தால் சொல்லின் அருமை இன்னும் விளங்கும். பிடிக்குள் இறங்கும் அலகின் பகுதியை வால் என்று வைத்துக்கொள்வோம். ஒரு 6 மில்லிமீட்டர் பித்தளைத் துண்டின் நடுவில், வாலின் தடிப்பை விடச் சற்றுச் சிறிய துளைகளை வரிசையாகப் போட வேண்டும். பிறகு தட்டை அரத்தால் அவற்றை ஒன்றாக்கி, கொஞ்சம் ராவுவது, வாலில் மாட்டிப் பார்ப்பது, கழற்றி மறுபடி ராவுவது. கடைசி அரை மில்லிமீட்டருக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போய்விடும். மாட்டியபின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அலகுக்கும் காப்புக்கும் நடுவே கீற்று ஒளி தெரிந்தால் அங்கே நாளைக்குத் தண்ணீர் தெரியும். என் முதல் கத்தியில் அந்தக் கீற்றைப் பார்த்தும், பசை நிரப்பிவிடும் என்று விட்டுவிட்டேன். கொழும்பின் கடற்காற்றும் ஒரு மழைக்காலமும் போதுமாக இருந்தன. இடுக்கிலிருந்து சிவப்புத் துரு கசிந்து பித்தளை மேல் கோடாக வழிந்தது. சின்னக் கைக்கு ஏற்ற அளவில் காப்புச் செய்யும் அதே பொறுமை இங்கேயும் வேண்டியிருக்கிறது.

பித்தளை அரத்துக்கு இணங்கும், கொம்போடும் கருங்காலியோடும் நிறம் பொருந்தும். வியர்வை பட்டால் மங்கி, கவனிக்காமல் விட்டால் களிம்பு பிடிக்கும். நிக்கல் சில்வர் என்று விற்பதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. துருவேறா உருக்குதான் பராமரிப்புக் குறைந்தது, ராவுவதற்குத்தான் கை நோகும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது காப்பையும் பூணையும். பிடியின் வாயைச் சுற்றி இறுக்கி, மரம் பிளக்காமல் காக்கும் உலோக வளையம் பூண். உலக்கைக்குப் போடுகிறோமே, அதேதான். காப்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பூண் பிடியோடு ஒட்டிப் படிந்திருக்கும். பூணுதல் என்றால் அணிதல். சங்கப் பாடல்களில் பூண் என்பது நகை, ‘பசும்பூண் பாண்டியன்’ என்று ஒரு அரசனையே அதை வைத்து அழைத்தார்கள். ஆங்கிலத்தில் இந்த வளையத்துக்கு ஃபெரூல் என்று பெயர். இரும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சாயல் பின்னாளில் அதில் ஏறிவிட்டாலும், அதன் மூலம் ‘விரியோலா’ என்ற லத்தீன் சொல். பொருள்: சின்னக் காப்பு! இதை முதன்முதலாக அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் போகவில்லை. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள், கருவிக்குப் போட்ட வளையத்தைப் பார்த்து நகையைத்தான் நினைத்திருக்கின்றன.

பிடி என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், வினையே பெயராகிவிட்டது. ஆனால் அதைச் செய்யும் மரத்துக்கு ஒரு நல்ல பழஞ்சொல் உண்டு: காழ். மரத்தின் நடுவே இறுகிய வைரம் என்று பொருள், வேலின் தண்டுக்கும் அதுவே பெயர். ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், ‘கண்திரள் நோன்காழ் திருத்தி, நெய் அணிந்து’ என்று வருகிறது. காம்பைச் செப்பனிட்டு நெய் பூசுவது அன்றைக்கே இருந்த வழக்கம். இன்று நாம் கருங்காலியில் பிடி கடைந்து எண்ணெய் ஊட்டுவதும் அதுதான். வெளிமரம் ஈரத்தில் ஊதிச் சுருங்கும், காழ் அவ்வளவாக அசையாது. துணி அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்து அழுத்திய மைக்கார்ட்டா அதை விடவும் அசையாதது. மீன் வெட்டும் கத்திக்கு அதைத் தருவேன், மனதுக்குப் பிடித்தவருக்குச் செய்தால் கருங்காலி.

இந்த மண்ணின் பழைய வெட்டுக்கத்திகளில் காப்பு இருக்காது. 1877இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலையில் கண்டிக் காலத்துப் ‘பிஹ கெட்ட’ கத்திகளைப் பாருங்கள். பிடியில் வெள்ளியும் பித்தளையுமாக அத்தனை வேலைப்பாடு, ஆனால் குறுக்கே ஒன்றும் நீட்டிக்கொண்டிராது. கஸ்தானே வாளில்தான் காப்பைக் காணலாம். தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தியிருக்கும் வாள் அது. அதன் காப்பு வளைந்து இறங்கி விரல்முட்டிகளையும் மூடும், நுனிகள் விலங்குத் தலைகளாக முடியும். ஐரோப்பிய வாள்களின் சாயல் அதில் உண்டு. விரல்களை மூடும் அந்த வளைவை விரற்காப்பு என்று சொல்லலாம்.

பிடியின் கடைசியில் வரும் பொம்மலுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். லத்தீனில் அது சின்னப் பழம், தமிழில் குமிழ். வால் பிடியை ஊடுருவி மறுபக்கம் வரும் கத்திகளில், காப்பு, பூண், பிடி என்று ஒவ்வொன்றாகக் கோத்து, கடைசியில் குமிழை முறுக்கி இறுக்குவோம். அதுவரை கையில் கலகலத்துக்கொண்டிருந்த காப்பு அப்போதுதான் சத்தம் அடங்கி நிற்கும்.