காலையில் மருந்து கொடுத்தீர்களா?

"காலையில நல்லாத்தான் இருந்தான் டாக்டர். ஸ்கூல்ல என்ன பண்ணாங்களோ!"

குழந்தை மருத்துவர்களுக்கு இந்தப் புகார் மனப்பாடம். போன வாரம் ஓர் அப்பா இதையே கத்திச் சொன்னார். நாலரை வயதுப் பையனுக்கு வகுப்பில் வலிப்பு வந்து, டீச்சர் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். காய்ச்சல் 103 டிகிரி. காலையில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்றேன். இல்லவே இல்லை என்றார் அப்பா. "6.30-க்கு பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன்" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். 6.30-க்குக் கொடுத்தால் 11 மணிவாக்கில் காய்ச்சல் திரும்பும். அப்போது குழந்தை வகுப்பில் இருக்கும். எத்தனை முறைதான் சொல்வது? காய்ச்சல் இறங்குவது வேறு, நோய் குணமாவது வேறு. சிரப் குடித்து அரை மணியில் பிள்ளை ஓடியாடினால் நோய் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மருந்து சூட்டைத்தான் குறைத்திருக்கிறது. கிருமி அப்படியே இருக்கிறது, பக்கத்துப் பிள்ளைக்கும் தொற்றும். மருந்தே கொடுக்காமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பள்ளிக்கு அனுப்புங்கள். வாந்தி, பேதி என்றால் அது நின்று 48 மணி நேரம் ஆகட்டும். சின்னம்மைக்கு, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும்.

இந்த வலிப்பு வீட்டிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். பள்ளி எந்தத் தப்பும் செய்யவில்லை. பையனுக்கு இரண்டு வயதிலும் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. பள்ளி விண்ணப்பத்தில் 'முன்பு வலிப்பு வந்ததுண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். "சொன்னா பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பாங்களோன்னு பயம்" என்றார் அம்மா. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் காய்ச்சலோடு ஒருமுறை வலிப்பு வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வரும். அதை மறைத்துவிட்டு, 'ஸ்கூல்ல பாத்துக்கணும்' என்றால் எதைப் பார்த்துக்கொள்வார்கள்?

இத்தனைக்கும் அந்த டீச்சர் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார். வாயில் எதையும் திணிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம் இருந்துச்சு டாக்டர்" என்றார். (5 நிமிடம் தாண்டினால் அவசரம். அதனால் எங்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.) விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு நின்றவரைத்தான் அந்த அப்பா திட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரை வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள், பையில் வையுங்கள். எப்போது, எத்தனை முறை என்று எழுதியும் கொடுங்கள். ஒவ்வாமை இருந்தால் ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். காலை 11 மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற போன் எண்ணைக் கொடுங்கள். லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்: பிள்ளைக்கு முடியாமல் போனால் வீட்டில் யார் இருப்பது என்பதை, நன்றாக இருக்கும்போதே பேசி வையுங்கள். பள்ளிகளும் ஒருநாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்தினால் நல்லது.

அன்று மாலை டீச்சர் போன் செய்தார். பையன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டு, "இனிமே காய்ச்சல் வந்தா எனக்கு யார் சொல்லுவாங்க, டாக்டர்?" என்றார்.

போனை அம்மாவிடம் கொடுத்தேன்.