நாடகத்துக்கு வயதுச் சான்றிதழ் வேண்டாம், தகவல் வேண்டும்

சினிமாவுக்கு இருப்பதுபோல நாடகத்துக்கும் 'யு', 'ஏ' என்று சான்றிதழ் கொடுத்தால் என்ன? பிள்ளைகளோடு நாடகம் பார்க்க வரும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சென்னையில் சிறிய நாடகக் குழுக்களுக்கு மேடை நிர்வாகம் பார்க்கிறேன். அவர்களுடைய கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அதற்கு மருந்து சான்றிதழ் என்று எனக்குத் தோன்றவில்லை.

சினிமா ஒருமுறை எடுத்து முடித்தால் முடிந்தது. 2023 சினிமா திருத்தச் சட்டம் யு/ஏ பிரிவை வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று பிரித்தபோது, தணிக்கைக் குழு பார்த்த அதே படத்தைத்தான் ஊரெல்லாம் பார்க்கும் என்ற உறுதி இருந்தது. நாடகத்தில் அது கிடையாது. பிரதியில் 'அவன் அவளை அடிக்கிறான்' என்று மூன்றே சொல் இருக்கும். சான்றிதழுக்காக வாசிக்கிற அதிகாரி ஒரு நொடியில் கடந்து போவார். நான் வேலை பார்த்த ஒரு நாடகத்தில் அந்த மூன்று சொல் ஒத்திகையில் வளர்ந்து, மேடையில் இரண்டு நிமிடம் ஓடியது. சிறிய அரங்கு, மூன்று பக்கமும் பார்வையாளர்கள், முன்வரிசைக்கும் நடிகைக்கும் நடுவே கை நீட்டினால் தொடும் தூரம். அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஒரு சிறுமி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து போகப் பார்த்தார், முடியவில்லை. வெளியே போகும் வழி நடிகர்கள் நிற்கும் வெளிச்சத்துக்குள்தான் இருந்தது. காட்சி முடிந்து விளக்கு அணையும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பிரதிக்கு எந்தச் சான்றிதழ் கொடுத்திருந்தாலும் இது அதில் வந்திருக்காது. வன்முறை எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில், நடுவில் எழுந்து போக வழி உண்டா என்பதெல்லாம் குழுவுக்கு மட்டுமே தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரதியை அரசிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குவது தமிழ் நாடகத்துக்குப் புதிதல்ல. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைத் தடுக்கவே கொண்டுவரப்பட்டது என்று நாடகக்காரர்கள் இன்றும் பேசும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத்தான் வழிசெய்தது. நாடகம் போட வேண்டுமென்றால் பிரதியோடு போலீஸ் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. அவ்வளவு பாடுபட்டு மூடிய கதவை வயதுச் சான்றிதழ் என்ற பெயரில் நாமே திறந்துவிடக் கூடாது.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே மேடை நிகழ்ச்சிகளுக்கு உரிமமும் வயது வகைப்பாடும் நடைமுறையில் உள்ளன. 2006இல் அங்குள்ள தமிழ் நாடகாசிரியர் இளங்கோவனின் நாடகம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்துவிட்டு, அரங்கேறும் முன்பே திரும்பப் பெற்றார்கள். 2014இல் குழுக்களே தங்கள் நாடகங்களை வகைப்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் வந்தது; தவறினால் அபராதம். இது எங்களை நாங்களே தணிக்கை செய்துகொள்ள வைக்கும் என்று கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்வது? இங்கேதான் நாங்கள், அதாவது குழுக்கள், பொறுப்பேற்க வேண்டும். 'முதிர்ந்த பார்வையாளர்களுக்கு' என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயன் இல்லை. எதைக் காட்டுகிறோம் என்று நேராக எழுத வேண்டும்: 'பெண்ணை அடிக்கும் நீண்ட காட்சி உண்டு', 'தற்கொலை பற்றிய பேச்சு உண்டு, மேடையில் காட்டப்படாது', 'கெட்ட வார்த்தைகள் உண்டு'. படிப்பவர் தன் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

ஸ்ட்ரோப் லைட் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். விநாடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சம், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. இதில் ரசனைக்கோ கருத்துக்கோ இடமே இல்லை. எந்தக் காட்சியில் வருகிறது, எத்தனை விநாடி என்பதுவரை சொல்லிவிட வேண்டும். புகை இயந்திரம், துப்பாக்கிச் சத்தம் இரண்டையும் அப்படியே சொல்லலாம். ஆஸ்துமா உள்ளவருக்குப் பின்வரிசையில் கதவோரமாக ஓர் இருக்கை ஒதுக்குவது பெரிய வேலையே இல்லை.

கதையின் திருப்பம் போய்விடும் என்று இயக்குநர்கள் தயங்குவது உண்டு. யார் அடிக்கிறார், எதற்கு என்று நாம் சொல்லப்போவதில்லையே! அதற்கும் மனம் ஒப்பாதவர்கள், 'விவரம் வேண்டுவோர் இந்த எண்ணில் கேட்கலாம்' என்று போட்டுவிட்டு, கேட்பவருக்கு மட்டும் சொல்லலாம். பெற்றோரும் கூச்சப்படாமல் கேளுங்கள். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை.

ஆனால் எதைச் சொன்னாலும் டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். அரங்க வாசலில் அட்டை ஒட்டினால் மட்டும் போதாது. தாம்பரத்திலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நாலு டிக்கெட்டுக்குப் பணம் கட்டி வந்த குடும்பம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாது. உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.